ஜெர்மனிக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சு, கிரைண்டர் என்ன ஆச்சுன்னா

2023 பிப்ரவரில ஒரு நாள் சாயங்காலம், எங்க வீட்டுக்காரர் ஆர்மி வேலை முடிஞ்சு வந்து பூட்ஸ் கூட கழட்டாம கிச்சன் வாசல்ல நின்னுக்கிட்டு "ஜெர்மனி வந்துருச்சும்மா, கைசர்ஸ்லவுட்டர்ன், மூணு வருஷம்"னு சொன்னாரு. அடுப்புல ரசம் பொங்கிக்கிட்டு இருந்துச்சு. அடுப்ப அணைச்சுட்டு முதல்ல கேட்டது "பாப்பாவுக்கு அங்க டாக்டர் இருக்காங்களா"ன்னு தான். ரெண்டாவது, இத எழுதவே காரணம் அதுதான், "அங்க கரண்ட் எத்தன வோல்ட்"னு கேட்டேன்.

எங்கள தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரர் மதுரைக்காரர், படிக்க அமெரிக்கா வந்தவரு, 2014ல அமெரிக்க ஆர்மில சேந்தாரு. சிட்டிசன் இல்லாதவங்க எப்படி சேர முடியும்னு ஊர்ல இன்னைக்கு வரைக்கும் கேக்கறாங்க. மாவ்னின்னு ஒரு திட்டம் இருந்துச்சு, டாக்டர் நர்ஸ் மாதிரி மருத்துவம் படிச்சவங்களையும், ஆர்மிக்கு தேவைப்படற சில மொழி பேசறவங்களையும் விசால இருக்கும்போதே எடுப்பாங்க, அந்த மொழி லிஸ்ட்ல நம்ம தமிழும் இருந்துச்சு. 2009ல ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க, 2016ல நிறுத்திட்டாங்க. தமிழ் தெரிஞ்சதுனால அமெரிக்க ஆர்மில இடம் கிடைச்சுதுன்னு மாமா அப்ப தெருவுல எல்லார்ட்டயும் பெருமையா சொன்னாரு, அத்தை மூணு நாள் சரியா சாப்பிடல. ட்ரெயினிங் முடியறப்பவே அவருக்கு சிட்டிசன்ஷிப் கிடைச்சுது, அப்பறம் கல்யாணம், நான் வந்தேன், டெக்ஸாஸ்ல ஃபோர்ட் ஹூட்ங்கற ஆர்மி பேஸ்ல ஆறு வருஷம். நாங்க கிளம்பற சமயத்துல அந்த பேஸ் பேரையே ஃபோர்ட் கவாசோஸ்னு மாத்தினாங்க, இப்ப 2025ல திரும்ப ஹூட்னே ஆக்கிட்டாங்க. எனக்கு எப்பவும் அது ஹூட் தான், ரெண்டு பிள்ளையும் பொறந்த ஊர்.

அம்மாட்ட போன்ல சொன்னப்ப ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்பறம் "ஜெர்மனின்னா உக்ரைன் பக்கம் தானடி, சண்டை நடக்கற பக்கமா பாத்து ஏன் பிள்ளைங்கள கூட்டிட்டு போற"ன்னு கேட்டாங்க. அது குடும்பத்தோட போற போஸ்டிங், அவர் சப்ளை பிரிவு, அங்க ஏற்கனவே அமெரிக்காக்காரங்க அம்பதாயிரம் பேர் கிட்ட குடும்பம் குடும்பமா இருக்காங்க, அமெரிக்காவுக்கு வெளிய அமெரிக்க மிலிட்டரிக்காரங்க குடும்பத்தோட இவ்வளவு பேர் சேந்து இருக்கற இடமே வேற இல்லன்னு எவ்வளவோ சொன்னேன். "ஆர்மின்னா ஆர்மி தானடி"ன்னாங்க.

இந்த ஊர் மாறுறத பத்தி இங்கிலீஷ்ல ஆயிரம் இருக்கு. எந்த ஃபார்ம், எந்த ஆபீஸ், எத்தன நாள், எல்லாம் கிடைக்கும். ஆனா இட்லிக்கு மாவு ஆட்டற குடும்பம் ஒண்ணு இப்படி போனா என்ன செய்யணும்னு எங்கயும் இல்ல. எனக்கு முன்னாடி போன ஒரு தமிழ் பொண்ணு எழுதி வச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு அப்ப நெனச்சேன், அதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

முதல்ல பேப்பர் வேலை. ஆர்டர்னு வந்தா குடும்பமும் போகலாம்னு அர்த்தம் இல்ல, கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்னு தனியா வாங்கணும், அதுக்கு குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் மெடிக்கல் ஸ்க்ரீனிங் முடிஞ்சிருக்கணும். பெரியவளுக்கு வீசிங் உண்டு. அவளுக்கு தேவையான வைத்தியம் அந்த ஊர்ல கிடைக்கும்னு அங்க இருக்கறவங்க பாத்து சரின்னு சொன்னா தான் அவ பேர் ஆர்டர்ல ஏறும். இல்லன்னா அவர் மட்டும் தனியா ரெண்டு வருஷம், நாங்க இங்க. பக்கத்துல லான்ட்ஸ்டூல்ல பெரிய மிலிட்டரி ஆஸ்பத்திரியே இருக்கு, ஈராக்ல ஆப்கானிஸ்தான்ல அடிபட்டவங்கள எல்லாம் அங்க தான் கொண்டு வந்தாங்க, அங்க ஒரு வீசிங் பிள்ளைய பாக்க மாட்டாங்களான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன், ஆனா பேப்பர் வர்ற வரைக்கும் ராத்திரில தூக்கம் இல்ல. பிள்ளையோட ரெக்கார்ட தேடி எடுத்து, எத்தன தடவ எமர்ஜென்சிக்கு போனோம், எந்த இன்ஹேலர், எத்தன பஃப்னு எல்லாத்தையும் எழுதினேன். ஒரு தடவ ஒரு பக்கம் விட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மூணு வாரம் அதுல போச்சு. உங்க பிள்ளைக்கு சின்னதா ஏதாவது இருந்தாலும் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஜெர்மனின்னு பேச்சு அடிபட்ட அன்னைக்கே ஆஸ்பத்திரில போய் ரெக்கார்ட கேளுங்க.

கடைசில ஆர்டர் வந்துச்சு. மேல பெருசா அவர் பேர், ரேங்க், யூனிட். கீழ ஒரு வரில நாங்க மூணு பேர், பேரும் வயசும். அந்த ஒரு வரிய நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

பாஸ்போர்ட்டும் ரெண்டு ரெண்டு. ஆர்டர்ல போறதுக்கு அரசாங்கம் காசு இல்லாம குடுக்கறது ஒண்ணு, சொந்தமா சுத்தறதுக்கு சாதாரண பாஸ்போர்ட் ஒண்ணு. நம்மளுக்கு அந்த ரெண்டாவது ரொம்ப முக்கியம், ஊருக்கு போற ஓசிஐ (வெளிநாட்டு சிட்டிசன் ஆன நம்மவங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) எல்லாம் அதோட தான் போகும். எடுத்துட்டு கிளம்புங்க.

அடுத்தது சாமான். ஸ்டாஃப் சார்ஜென்ட் குடும்பத்துக்கு 11,000 பவுண்டு வரைக்கும் அரசாங்க செலவுல அனுப்பலாம், அஞ்சு டன் கிட்ட. கேக்க நிறையா தெரியும். சோபா, கட்டில், சைக்கிள்னு சேக்க ஆரம்பிச்சா எங்க போச்சுன்னே தெரியாது. இதுல மூணு விதமா பிரிக்கணும், கப்பல்ல ரெண்டு மூணு மாசம் கழிச்சு வர்றது, கொஞ்சம் சாமான் மட்டும் தனியா முன்னாடி வர்றது, கையோட பெட்டில வர்றது. பால்டிமோர்ல இருந்து ராம்ஸ்டைனுக்கு மிலிட்டரியே விடற ஃப்ளைட், ஆளுக்கு 70 பவுண்டுல ரெண்டு பெட்டி, அதனால எங்க நாலு பேருக்கு எட்டு பெட்டி. நான் ஒரு வாரம் ஹால்ல துணி விரிச்சு மூணு குவியல் போட்டு வச்சிருந்தேன். சின்னவன் தினமும் சாயங்காலம் ஒரு குவியல்ல இருந்து இன்னொரு குவியலுக்கு அவனோட பொம்ம லாரிய மாத்தி மாத்தி வைப்பான்.

கைப்பெட்டில போனது: காமாட்சி விளக்கு, இன்ஹேலரும் நெபுலைசரும், அம்மா குடுத்த சாம்பார்பொடி ரசப்பொடி, குக்கர் ஒண்ணு, இட்லி தட்டு மட்டும், காபி ஃபில்டர். முன்னாடி போற சாமான்ல பிள்ளைங்க துணி, பாய், தலகாணி, ரெண்டு வாணலி. கப்பல்ல மத்ததெல்லாம், கிரைண்டர், கொலு பொம்ம உட்பட.

பேக் பண்ண வர்றவங்க கண்ணுல பட்டத எல்லாம் சுத்தி பெட்டில போட்டுடுவாங்க, குப்பத்தொட்டிய குப்பையோட சுத்தி அனுப்பின வீடெல்லாம் இருக்கு. அதனால கையோட கொண்டு போறத எல்லாம் பாத்ரூம்ல வச்சு கதவ சாத்தி, தொடாதீங்கன்னு பேப்பர் ஒட்டினேன். கிரைண்டர பாத்துட்டு அந்த தம்பி இது என்னன்னு கேட்டாரு. அரிசி அரைக்கறதுன்னேன். உள்ள கல்ல தூக்கி பாத்துட்டு, லிஸ்ட்ல "கிச்சன் மெஷின், கல்லோட"ன்னு எழுதினாரு. கொலு பொம்மைங்கள நானே பழைய சேலைல ஒவ்வொண்ணா சுத்தி குடுத்தேன். கல்யாணத்தப்ப விளாச்சேரில சொல்லி வச்சு அம்மா வாங்கி தந்தது, மதுரையில இருந்து டெக்ஸாஸ் வரைக்கும் ஒரு விரல் கூட உடையாம வந்த பொம்மைங்க.

ஜூலைல வந்து இறங்கினோம். அமெரிக்கால இருந்து வர்றவங்க வாய்ல நுழையாததுனால ஊர கே-டவுன்னு தான் சொல்லுவாங்க. முதல் ரெண்டு மாசம் பேஸ்லயே தங்கற இடம், ஒரு ரூம், ஒரு சின்ன அடுப்பு. அவருக்கு மறுநாளே யூனிட் இருக்கு, ஆள் இருக்காங்க, புதுசா வர்றவங்களுக்குன்னே ஸ்பான்சர்னு ஒருத்தர போடுவாங்க, அந்த தம்பி ரொம்ப நல்ல மாதிரி, எங்கள ஏர்போர்ட்ல கூப்பிட வந்தப்பவே ஃபிரிட்ஜ்ல பாலும் முட்டையும் வாங்கி வச்சிட்டு தான் வந்திருந்தாரு. மூணாவது வாரம் அவர் க்ராஃபன்வோர்ல பயிற்சின்னு கிளம்பிட்டாரு. வண்டி இன்னும் கப்பல்ல. லைசென்ஸ் இல்ல, இங்க ஓட்டணும்னா ஜெர்மன் ரோடு ரூல்ஸ் படிச்சு பரிட்ச எழுதணும். போர்டு எதுவும் இல்லாத முனைல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்கு தான் முதல் வழி, அது சின்ன சந்தா இருந்தாலும் சரி, இத மட்டும் மண்டைல ஏத்திக்கிட்டா பாதி பாஸ். ராத்திரி பிள்ளைங்க தூங்கினப்பறம் பாத்ரூம் லைட்ட போட்டு தரையில உக்காந்து படிச்சேன். ஒரே ரூம், வேற லைட்ட போட்டா சின்னவன் முழிச்சுக்குவான். அந்த ரெண்டு மாசம் தான் எனக்கு ரொம்ப கஷ்டம், கிளம்பின நாள் இல்ல. கிளம்பற அன்னைக்கு செய்யறதுக்கு ஆயிரம் வேல இருந்துச்சு. இங்க வந்து காலைல எந்திரிச்சா பிள்ளைங்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கும், வெளிய மழ, கைல ஒண்ணும் இல்ல. டெக்ஸாஸ்ல பல் டாக்டர்ட்ட அசிஸ்டெண்ட் வேலைய விட்டுட்டு வந்திருந்தேன், அந்த யூனிஃபார்ம் வேற கப்பல்ல எங்கயோ வந்துக்கிட்டு இருந்துச்சு.

செப்டம்பர்ல வீடு கிடைச்சுது, பேஸுக்கு வெளிய, ராம்ஸ்டைன் பக்கத்துல ஒரு கிராமத்துல. பாக்க போனப்ப ஒரு வீட்ல கிச்சனே இல்ல. சுவத்துல தண்ணி பைப் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு, மேல லைட்டுக்கு பதிலா ஒயரு தொங்குது. இங்க நிறைய பேர் காலி பண்ணிட்டு போறப்ப கிச்சன கழட்டி எடுத்துட்டு போயிடுவாங்களாம். நான் அந்த வெறும் ரூம் நடுவுல நின்னு அவர பாத்தேன், "அடுத்தத பாப்போம் வா"ன்னாரு. நாங்க எடுத்தது கிச்சன் இருக்கற வீடு. அலமாரி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஆர்மிலயே கடனா குடுப்பாங்க, கேட்டு வாங்கிக்கோங்க. வீட்டுக்காரம்மா சாவி குடுக்கறப்ப ஜன்னல தினமும் ரெண்டு வேள முழுசா தொறந்து காத்து விடணும், குளிர்காலத்துலயும் விடணும், இல்லன்னா பூஞ்ச புடிக்கும்னு ரெண்டு தடவ சொன்னாங்க. தாளிக்கற வீட்டுக்கு அதுவும் நல்லது தான்.

இப்ப வோல்ட் விஷயம். நான் வாங்கி வச்சிருந்ததெல்லாம் அமெரிக்காவுக்குன்னு வர்ற 110 வோல்ட். இங்க நம்ம ஊர் மாதிரியே 230. ட்ரான்ஸ்பார்மர் வச்சா போதும்னு எல்லாரும் சொன்னாங்க, கிளம்பி போறவங்கட்ட இருந்து பழசு ரெண்டு வாங்கினோம், ஒவ்வொண்ணும் செங்கல் கனம். நெபுலைசர், மிக்ஸி ரெண்டும் அதுல ஓடுச்சு, மிக்ஸிக்கு மட்டும் 1000 வாட்ஸுக்கு மேல தாங்கற ட்ரான்ஸ்பார்மர் வேணும், சின்னதுல போட்டா சூடாகி நின்னுடும். கப்பல் சாமான் வந்து கிரைண்டர போட்டப்ப தான் தெரிஞ்சுது, சுத்துது, ஆனா சோம்பலா சுத்துது, அரமணி நேரத்துல அடில கைய வைக்க முடியாத அளவு சூடு. ஏன்னு அவர் தேடி படிச்சு சொன்னாரு. ட்ரான்ஸ்பார்மர் வோல்ட்ட மாத்தும், ஆனா கரண்ட் வினாடிக்கு எத்தன தடவ மாறுதுங்கற கணக்கு இருக்குல்ல, அமெரிக்கால 60, இங்க 50, அத அதால மாத்த முடியாது. மிக்ஸி மோட்டார் கார்பன் பிரஷ் வச்சது, அதுக்கு இந்த கணக்கு பெருசா இல்ல. கிரைண்டர் மோட்டார் அந்த கணக்குல தான் சுத்தும், அப்ப ஆறுல ஒரு பங்கு வேகம் குறையுது, சூடும் ஆகுது. ரெண்டு வாரம் அப்படியே ஓட்டினேன், ஒரு நாள் கருகற வாட வந்துச்சு, நிறுத்திட்டேன். அதனால கேளுங்க, அமெரிக்கால இருந்து ஜெர்மனிக்கு வர்றதா இருந்தா கிரைண்டர அங்கயே யாருக்காவது குடுத்துட்டு வாங்க. நம்ம ஊர்ல விக்கற கோயம்புத்தூர் கிரைண்டர் இங்க அப்படியே ஓடும், ப்ளக்குக்கு ஒரு அடாப்டர் போதும்.

அத தேடித்தான் மன்ஹைம் போனேன், எங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேரம். ஒரு சிலோன் தமிழ் கடை. வாசல்லயே முருங்கக்கா, பச்ச தேங்கா, கருவேப்பில, எனக்கு அழுக வந்துருச்சு. கிரைண்டர் இருக்கான்னு கேட்டேன், கடைல இருந்த அக்கா ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டுல இருந்து ஒரு பெட்டிய இறக்கினாங்க, அறுபது வயசு இருக்கும். டேப் ஒட்டிக்கிட்டே "நீங்கள் இந்தியாவோ, இங்க வந்து கனகாலமோ?"ன்னு கேட்டாங்க. ரெண்டு மூணு மாசம் தான் அக்கான்னேன். "அவர் ஐடியோ?" "இல்லக்கா, ஆர்மி."

டேப் பாதில நின்னுச்சு. "எந்த ஆமி?"

அமெரிக்கன் ஆர்மின்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல, டேப்ப பல்லால கடிச்சு அறுத்து, பெட்டிய தடவி தடவி ஒட்டினாங்க. எனக்கு என்னமோ தப்பா பேசிட்டோம்னு நெஞ்சு அடிச்சுக்குச்சு. எங்க வீட்ல ஆர்மின்னா சம்பளம், ஆஸ்பத்திரி, பிள்ளைங்க ஸ்கூல். எங்கம்மாவுக்கு அது பயம். அந்த அக்காவுக்கு அந்த வார்த்த என்னவா இருக்கும்னு கேக்காமலே தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே பேசினாங்க. 1984 கடைசில யாழ்ப்பாணத்துல இருந்து கிளம்பினது, கிழக்கு பெர்லின்ல வந்து இறங்கி அங்க இருந்து ரயில்ல மேற்கு பெர்லினுக்கு, அப்ப நிறைய பேர் அந்த வழியா தான் வந்தாங்களாம். "ஒரு பை தான் கொண்டந்தனான்"ன்னாங்க. அதுல என்னக்கா வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "ரெண்டு சட்ட, சேர்ட்டிபிக்கட், அம்மா வறுத்து இடிச்சு தந்த மிளகாய்த்தூள். அதத்தான் முதல் முடிச்சது."

என் எட்டு பெட்டில ஒண்ணுல அம்மா குடுத்த சாம்பார்பொடி இருந்தத நெனச்சுக்கிட்டேன். அத சொல்லல. காசு குடுத்தப்ப ஒரு கட்டு கருவேப்பிலைய பையில போட்டு "பிள்ளையளுக்கு ரசம் வையுங்கோ, குளிர் துவங்குது"ன்னாங்க. அதுக்கப்பறம் மாசத்துக்கு ஒரு தடவ போறேன். அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு போனேன், சாதா சட்டையில தான். அவர உக்கார சொல்லி டீ குடுத்தாங்க, மதுரை பத்தி கேட்டாங்க, வேலைய பத்தி ஒரு வார்த்த கேக்கல.

புது கிரைண்டர் வந்த முதல் ஞாயித்துக்கிழம காலைல ஒம்போது மணிக்கு மாவு போட்டேன். டெக்ஸாஸ்ல ஞாயிறு தான் எனக்கு மாவு நாள். பதினஞ்சு நிமிஷத்துல பெல் அடிச்சுது, பக்கத்து வீட்டு பாட்டி. கோபமா எல்லாம் இல்ல, விரல வாய்ல வச்சு "ஸோன்டாக்"ன்னாங்க, ஞாயிறுன்னு அர்த்தம், அப்பறம் "ரூஹே"ன்னாங்க. பெரியவ பின்னாடி இருந்து "சத்தம் போடக்கூடாதுன்னு சொல்றாங்கம்மா, ஸ்கூல்ல சொல்லி குடுத்தாங்க"ன்னா. பேஸ் ஸ்கூல்லயே ஜெர்மன் பழக்க வழக்கத்துக்குன்னு ஒரு க்ளாஸ் இருக்கு. இங்க ஞாயிறு முழுக்க அமைதி, ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி, ட்ரில் போடக்கூடாது, புல்லு வெட்டற மெஷின் ஓட்டக்கூடாது, கடையும் எல்லாம் பூட்டு. பாதி அரைஞ்ச மாவ அப்படியே நிறுத்தினேன், மீதிய கையால கல்ல சுத்தி பாத்தேன், முடியல, மறுநாள் காலைல ஓட்டினேன். அன்னைல இருந்து சனிக்கிழம மாவு. அதே பாட்டி தான் பின்னால எனக்கு குப்பைய பிரிக்க சொல்லி குடுத்தாங்க, பால் அட்டப்பெட்டிய பேப்பர் தொட்டில போட்டிருந்தேன், எடுத்து காட்டி, உள்பக்கம் ஒட்டியிருக்கற பளபளப்ப நகத்தால சொரண்டி காட்டி, மஞ்சள்ல போடுன்னாங்க.

குளிர்காலத்துல மாவு பொங்காது. டெக்ஸாஸ்ல ராத்திரி வச்சா காலைல பாத்திரத்த தாண்டி நிக்கும். இங்க டிசம்பர்ல மொத தடவ பதினாறு மணி நேரம் ஆச்சு, அப்பவும் அப்படியே இருந்துச்சு. இப்ப ஹீட்டர் பக்கத்துல ஒரு ஸ்டூல், அதுக்கு மேல பாத்திரம், அதுக்கு மேல அவரோட பழைய ஆர்மி கம்பளி. நல்லா வருது.

கப்பல் சாமான் பத்தி பாதில விட்டுட்டேன். அக்டோபர்ல வந்துச்சு, நவராத்திரிக்கு பத்து நாள் முன்னாடி. லிஸ்ட்ல இருந்ததுல மூணு பெட்டி வரல. ஒண்ணுல சமையல் பாத்திரம், ஒண்ணுல சின்னவன் புஸ்தகம், ஒண்ணுல தசாவதாரம் செட்டும் செட்டியார் பொம்மையும். வந்த பொம்ம பெட்டிய தொறந்தா மீனாட்சி கல்யாணத்துல பெருமாள் தார வார்க்கற கை மணிக்கட்டோட போச்சு. நஷ்ட ஈடு உண்டு, புதுசு வாங்கற விலை குடுப்பாங்க, ஆனா 180 நாளுக்குள்ள இன்னது வரல, இன்னது உடைஞ்சதுன்னு சொல்லணும், ஒம்போது மாசத்துக்குள்ள கணக்கு குடுக்கணும். அந்த ஃபார்ம்ல கேக்கறாங்க: பிராண்ட் என்ன, எந்த வருஷம் வாங்குனது, இப்ப எங்க கிடைக்கும், லிங்க் குடு. விளாச்சேரில ஒரு வீட்டு திண்ணைல செஞ்ச மண் பொம்மைக்கு நான் என்ன லிங்க் குடுப்பேன். "களிமண், கையால செஞ்சது, மதுரை"ன்னு எழுதி, கல்யாண ஃபோட்டோவுல பொம்ம தெரியறத வெட்டி ஒட்டி அனுப்பினேன். காசு வந்துச்சு. அந்த காசுல ஒண்ணும் வாங்கல இன்னும். உடையற சாமான தனித்தனியா ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மனசுக்கு பிடிச்சது அஞ்சாறு இருந்தா அது எவ்வளவு கனமானாலும் கைல கொண்டு வாங்க.

அந்த வருஷம் மூணு படி தான் வச்சோம். கை இல்லாத பெருமாளயும் வச்சேன்.

நல்லது ஒண்ணு சொல்லணும். டெக்ஸாஸ்ல இருந்தப்ப கோடையில ஊருக்கும் எங்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், நான் எந்திரிக்கறப்ப அம்மாவுக்கு சாயங்காலம், எப்பவும் யாராவது ஒருத்தர் தூக்க கலக்கத்துல பேசுவோம். இங்க மூணரை மணி நேரம், குளிர்காலத்துல நாலரை. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம் அம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காருவாங்க. போன சுவத்துல சாச்சு வச்சிட்டு நான் இங்க காபி போடுவேன், அவங்க அங்க தோசைய பிச்சு போடுவாங்க. ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து சென்னைக்கு நேரா ஃப்ளைட், பத்து மணி நேரம். கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அம்மா இவ்வளவு பக்கத்துல இருந்ததே இல்ல. "ஜெர்மனியே இருங்கடி"ன்னு இப்ப அவங்களே சொல்றாங்க.

காபின்னதும் ஞாபகம் வருது, இங்க எங்களுக்கு காபித்தூள் ரேஷன். நெஜமாதான். ஜெர்மனில காபிக்கு தனி வரி இருக்கு, கிலோவுக்கு 2.19 யூரோ, பேஸ் கடைல அந்த வரி இல்லாம விக்கறதுனால இவ்வளவுதான்னு அளவு வச்சு கார்டுல குறிப்பாங்க. சிகரெட், சாராயத்தோட ஒரே வரிசைல காபி. ரெண்டு வேள டிகாக்‌ஷன் எறக்கற வீட்டுக்கு அது பத்தாத மாசமும் உண்டு, அப்ப வெளிய ஜெர்மன் கடைல வரியோட வாங்கிக்குவோம்.

போன வருஷம் ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்கு போனோம், எங்க ஊர்ல இருந்து நாலு மணி நேரம் கார்ல. ஈழத்துக்காரங்க கட்டி 2002ல கும்பாபிஷேகம் பண்ணின கோயில், ஃபேக்டரிங்க இருக்கற ஏரியா நடுவுல கோபுரம் நிக்குது. தேர் அன்னைக்கு போனதுனால கால் வைக்க இடமில்ல. வடம் பிடிக்கறதுல பெரியவளும் நுழைஞ்சுட்டா, அவள சுத்தி ஜெர்மன் பேசிக்கிட்டே தமிழ்ல அரோகரா சொல்ற பிள்ளைங்க. டெக்ஸாஸ்ல இருந்து கையோட கொண்டு வந்த விளக்கும் காமாட்சி தானேன்னு எனக்கு அப்ப தான் தோணுச்சு. அன்னைக்கு தூசியிலயும் கூட்டத்துலயும் அவளுக்கு வீசிங் வரல, பையில இன்ஹேலர் இருந்துச்சு, தொடவே இல்ல.

வர்ற ஜூலையோட மூணு வருஷம் முடியுது. ஒரு வருஷம் கூட கேட்டு எழுதி போட்டிருக்காரு, பதில் வரல. சின்னவனுக்கு டெக்ஸாஸ் ஞாபகமே இல்ல, பெரியவ மட்டும் அங்க வீட்டு பின்னாடி இருந்த பீக்கன் மரத்த அப்பப்ப கேப்பா.

இத படிக்கறவங்க யாராவது கே-டவுன் பக்கம் வர்றதா இருந்தா கமெண்ட்ல ஒரு வார்த்த சொல்லுங்க. ட்ரான்ஸ்பார்மர் ரெண்டு கீழ பேஸ்மென்ட்ல சும்மா தான் கிடக்கு, மிக்ஸிக்கு தாங்கும், வந்து எடுத்துக்கலாம். வந்த வாரமே சொன்னீங்கன்னா மாவும் கொண்டு வந்து தர்றேன், சனிக்கிழமைல ஆட்டறது.